நினைவில் வெளுத்துப்போன மந்திரவாதி

வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "பள்ளியில் படிக்கும்போது ஒரு மாயாஜால நாவல் எனக்கு உயிர். 20 வருஷம் கழித்து இப்போது எடுத்துப் படித்தால், நன்றாக ஞாபகம் இருக்கிற ஒரு காட்சி அதில் இல்லவே இல்லை. சுத்தமாக மறந்துபோன ஒரு காட்சி என்னை அழவைக்கிறது. பதிப்பாளர்கள் கதையை மாற்றிவிடுவார்களா, இல்லை எனக்குத்தான் ஏதாவது ஆகிவிட்டதா?"

இரண்டும் இல்லை. மூளை எப்போதும் செய்கிற வேலையைத்தான் செய்திருக்கிறது. எனக்கும் சமீபத்தில் இதே அனுபவம் நேர்ந்தது. அதை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன்.

என் புத்தகம் உர்சுலா லெ க்வின் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ'. 1968-இல் வந்தது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாவல் எழுதித் தர முடியுமா என்று பதிப்பாளர் ஒருவர் கேட்டதால் அவர் எழுதியது. கடல் முழுக்கத் தீவுகள் இறைந்து கிடக்கும் ஓர் உலகம். அதில் கோன்ட் என்ற மலைத்தீவில் ஆடு மேய்க்கும் பையன் கெட். மந்திரம் கற்க ரோக் தீவுப் பள்ளிக்குப் போகிறான். சக மாணவனிடம் ரோஷப்பட்டு, இறந்தவளின் ஆவியை அழைத்துக் காட்டுகிறேன் என்று கிளம்பி, ஒரு கரிய நிழலை உலகத்துக்குள் அவிழ்த்துவிட்டுவிடுகிறான். மீதிக் கதை முழுக்க அவனும் அந்த நிழலும்தான்.

நான் படித்தபோது எனக்கு 14 வயது. நூலகப் பிரதி. மூல அட்டை எப்போதோ போய்விட்டது. பச்சை காலிகோ துணியில் பைண்டு செய்து, முதுகில் வெள்ளை மையால் எண் போட்டிருந்தார்கள். அட்டைப்படம் இல்லாத புத்தகம் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அரையாண்டு விடுமுறையில் மூன்றே நாளில் முடித்தேன்.

27 ஆண்டுகள் கழித்து, போன டிசம்பரில், அதே நாவலை என் மகளுக்கு வாசிக்க ஆரம்பித்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம். அவளுக்கு 12 வயது. புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால், "உங்களுக்கு ஞாபகம் இருக்கிற கதையை முதல்ல சொல்லுங்கப்பா, நான் எழுதி வச்சுக்கிறேன்" என்று ரஃப் நோட்டை எடுத்துவந்தாள். அட்டையிலிருந்து முடிவு வரை சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு எழுதிக்கொண்டாள். கெட் பார்க்க எப்படி இருப்பான் என்று கேட்டாள். வெள்ளையாக, ஒல்லியாக, செம்பட்டை முடியோடு என்றேன். யோசிக்கவே இல்லை, அவ்வளவு தெளிவாக அவன் எனக்குள் நின்றான்.

முதல் அத்தியாயத்திலேயே கெட் இருக்கும் கிராமத்தைக் கொள்ளையிட வருகிறவர்கள் கார்குகள். வெள்ளைத் தோலும் மஞ்சள் முடியும் அவர்களுக்குத்தான். நான் அதைக் கவனிக்காமல் வாசித்துக்கொண்டே போனேன். பிறகு ரோக் பள்ளியில் வெட்ச் என்ற நண்பன் வரும் இடம். அவன் கறுத்த பழுப்பு. கெட்டும் அந்தத் தீவுக்கூட்டத்தின் பெரும்பாலான மக்களும் செம்பழுப்பு என்று போகிறபோக்கில் ஒரு வாக்கியம். மகள் கையை நீட்டி நிறுத்தினாள். "அப்பா, தப்பு" என்றாள். சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி.

அந்த வாக்கியத்தை மூன்று தடவை படித்தேன். எங்கள் தெருவில் கிரிக்கெட் ஆடும் பையன்களின் நிறம். லெ க்வின் இதை வேண்டுமென்றேதான் செய்தார். நாயகனின் தோல்நிறத்தை அறிவிப்பு மாதிரி முன்னால் வைக்காமல், வாசகர் அவனோடு நன்றாக ஒட்டிக்கொண்ட பிறகு மெதுவாகச் சொன்னார். பல பதிப்புகளின் அட்டையில் கெட்டை வெள்ளையாக வரைந்ததற்காகச் சண்டை போட்டார். 2004-இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் வெள்ளை நடிகரைப் போட்டபோது வெளிப்படையாகவே கண்டித்து எழுதினார்.

ஆனால் என் பிரதியில் அட்டைப்படமே கிடையாது. அப்படியானால் அந்த வெள்ளைப் பையன் எங்கிருந்து வந்தான்?

இதற்குப் பாதி விடை 1932-லேயே கிடைத்துவிட்டது. கேம்பிரிட்ஜில் இருந்த உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட், அமெரிக்கப் பழங்குடியினரின் 'பேய்களின் போர்' என்ற கதையை ஆங்கிலேயர்களுக்குப் படிக்கக் கொடுத்தார். அப்புறம் இடைவெளி விட்டு, திரும்பத் திரும்ப நினைவிலிருந்து எழுதச் சொன்னார். கதை சுருங்கிக்கொண்டே போனது, அது எதிர்பார்த்ததுதான். சுருங்கும்போது அது ஆங்கிலக் கதையாகவும் மாறியதுதான் புதுமை. மரத்தைக் குடைந்து செய்த ஓடம் சாதாரணப் படகானது. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பானது. பேய்கள் பலருடைய கதையிலிருந்து மெல்ல நழுவின. படிக்கிறவர் மனத்தில் ஏற்கெனவே ஒரு வார்ப்பு இருக்கிறது. நினைவு அதற்குள் ஊற்றப்படுகிறது என்றார் பார்ட்லெட். ஆங்கில மாயாஜாலக் கதையின் நாயகன் என்றால் வெள்ளைக்காரப் பையன் என்ற வார்ப்பு, மதுரையில் வளர்ந்த எனக்குள் 14 வயதுக்குள்ளேயே கெட்டிப்பட்டிருந்தது. அதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பார்ட்லெட் பயன்படுத்திய அந்தக் கதை, மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் சேகரித்து 1901-இல் வெளியான தொகுப்பிலிருந்து வந்தது. அதே 1901-இல் போவாஸிடம் முனைவர் பட்டம் பெற்றவர் ஆல்ஃபிரெட் க்ரோபர். அவருடைய மகள்தான் உர்சுலா லெ க்வின்.

சரி, மறந்துபோன காட்சி ஏன் அழவைக்கிறது? நாவலின் நடுவில், ஒரு சின்னத் தீவில் கெட் ஊர் மந்திரவாதியாக இருக்கிறான். பெச்வாரி என்ற படகுத் தச்சர் அவனுக்கு நண்பராகிறார். அவருடைய சின்ன மகனுக்குக் காய்ச்சல், பிழைக்கமாட்டான் என்று தெரிகிறது. போகிற உயிரைத் துரத்தாதே என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தும், கெட் குழந்தையின் பின்னாலேயே சாவின் நாட்டுக்குள் இறங்கி ஓடுகிறான். குழந்தை கிடைப்பதில்லை. 14 வயதில் எனக்கு நினைவில் தங்கியது அந்த இருட்டுச் சரிவும், அதன் எல்லையில் இருந்த தாழ்ந்த கற்சுவரும், அதற்கு அந்தப் பக்கம் நின்ற நிழலும்தான். பெச்வாரி என்று ஒரு அப்பா இருந்ததே ஞாபகமில்லை. இந்த முறை அந்தப் பக்கத்தில் எனக்குக் குரல் கம்மியது. மகள்தான் புத்தகத்தை வாங்கி மீதியைப் படித்தாள்.

1970-களில் ரிச்சர்ட் ஆண்டர்சனும் ஜேம்ஸ் பிச்சர்ட்டும் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சோதித்தார்கள். பள்ளிக்கு மட்டம் போட்ட இரண்டு பையன்கள் ஒரு வீட்டைச் சுற்றிப் பார்க்கும் சின்னக் கதை. பாதிப் பேர் அதைத் திருடனின் கண்ணோடும், மீதிப் பேர் வீடு வாங்க வந்தவரின் கண்ணோடும் படிக்க வேண்டும். திருடர்களுக்கு நாணயச் சேகரிப்பு ஞாபகம் இருந்தது. வீடு வாங்க வந்தவர்களுக்கு ஒழுகும் கூரை. இது எதிர்பார்க்கக்கூடியதே. பிறகு, கதையைத் திரும்பக் காட்டாமலே, "இப்போது திருடனாக இருந்தவர் வீடு வாங்குகிறவராக யோசியுங்கள்" என்றார்கள். கொஞ்ச நேரம் முன்பு வராத கூரை இப்போது ஞாபகத்துக்கு வந்தது! உள்ளே இருந்திருக்கிறது, கூப்பிட ஆள் இல்லாமல் கிடந்திருக்கிறது. 14 வயதுப் பையன் பெச்வாரியை எதற்காகக் கூப்பிடப் போகிறான்?

இதுவரை சொன்னது மனத்தின் போக்கு. இனி நான் சொல்ல ஆசைப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

மகளின் நோட்டில் இன்னொரு சிவப்புக் குறியும் உண்டு. கடைசிக் காட்சியில் கெட் தன் கோலால் நிழலைக் குத்திக் கொல்கிறான் என்று சொல்லியிருந்தேன். புத்தகத்தில் அப்படிச் சண்டையே இல்லை. கடல் மணலாக மாறிய ஓர் இடத்தில் இருவரும் எதிரெதிரே நின்று, ஒரே நேரத்தில், ஒரே பெயரைச் சொல்கிறார்கள்: கெட். அவன் கோலைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டி, தன் நிழலைப் பிடித்துக்கொள்கிறான். அவ்வளவுதான். நாவலின் உயிரே அந்த இடம். அதைப் போய் நான் எப்படி மாற்றினேன்?

யோசித்தபோது பிடிபட்டது. கல்லூரி விடுதியில் கரண்ட் போன இரவுகளில் மொட்டைமாடியில் இந்தக் கதையை நண்பர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், பல தடவை. கேட்கிறவர்கள் சண்டையை எதிர்பார்த்தார்கள். நான் கொடுத்தேன். கதைக்காகச் சேர்த்த மிகை நினைவிலும் ஏறிவிடும் என்பதை பார்பரா ட்வெர்ஸ்கியும் எலிசபெத் மார்ஷும் 2000-இல் சோதித்துக் காட்டினார்கள். அது எப்படி ஏற முடியும்? பழைய நினைவு பத்திரமாக ஓரிடத்தில் இருக்க, நான் சொன்ன பொய் தனியாக இன்னோரிடத்தில் இருக்க வேண்டாமா?

நரம்பணுக்கள் ஒன்றோடொன்று சினாப்ஸ் என்ற சந்திப்புகளில் பேசிக்கொள்கின்றன. எதையாவது கற்கும்போது சில சந்திப்புகள் வலுப்படுகின்றன. இது பள்ளிப் பாடம். சில நிமிடங்கள் தாங்கும் வலுவுக்கு, அங்கே ஏற்கெனவே இருக்கும் புரதங்களைத் திருத்தினால் போதும். வருஷக்கணக்கில் தாங்க வேண்டுமென்றால் புதிய புரதங்களைத் தயாரித்து அந்தச் சந்திப்பையே கட்டிப் பெரிதாக்க வேண்டும். இதற்குச் சில மணி நேரம் ஆகும். நினைவு உறுதியாக்கம் என்பது இதுதான். சிமென்ட் பூச்சு மாதிரி, இறுகும்வரை கலைக்கலாம். இறுகிய பிறகு கலைக்க முடியாது என்றுதான் நீண்ட காலம் நம்பினார்கள்.

கரீம் நாதர் நியூயார்க்கில் ஜோசஃப் லெடூவின் ஆய்வகத்தில் இருந்தபோது இதைச் சந்தேகித்தார். எலிக்கு ஓர் ஒலியைக் கேட்கச்செய்து, கூடவே லேசான மின்னதிர்ச்சி. அதற்கப்புறம் அந்த ஒலியைக் கேட்டாலே எலி உறைந்து நிற்கும். இந்த நினைவு இறுகட்டும் என்று விட்டுவிட்டார். பிறகு ஒரே ஒரு தடவை ஒலியை மட்டும் கேட்கவிட்டு எலிக்கு ஞாபகப்படுத்தினார். உடனே பய நினைவுகளைக் கையாளும் மூளைப்பகுதியான அமிக்டலாவுக்குள் அனிசோமைசின் என்ற மருந்தைச் செலுத்தினார். செல்லுக்குள் புரதம் தயாராகும் இடங்களான ரைபோசோம்களில் அந்தத் தயாரிப்பை நிறுத்தும் மருந்து அது. மறுநாள் ஒலி கேட்டபோது எலி அவ்வளவாக உறையவில்லை. இறுகியிருந்த நினைவு குலைந்துவிட்டது.

மருந்தே நினைவை அழித்ததோ? அதையும் பார்த்தார்கள். ஞாபகப்படுத்தாமல் மருந்து மட்டும் கொடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. ஞாபகப்படுத்தி 6 மணி நேரம் கழித்துக் கொடுத்தாலும் ஒன்றும் ஆகவில்லை. நினைவைக் கூப்பிட்டபோது அது இளகியது; திரும்ப இறுகுவதற்குப் புதிய புரதம் தேவைப்பட்டது; அந்த இடைவெளியில் கைவைத்தால் மாற்றலாம். இதன் பெயர் மறுஉறுதியாக்கம். 2000-இல் இந்தக் கட்டுரை வெளியானது. அதை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் ஓலைச்சுவடிகளை நினைத்துப் பாருங்கள். செல்லரிக்கும், நைந்துபோகும்; அதனால் தலைமுறைக்குத் தலைமுறை புது ஏட்டில் பெயர்த்து எழுதினார்கள். நூல் பிழைத்ததே அப்படி எழுதியதால்தான். பிழையும் பாடபேதமும் நுழைந்ததும் அதே வழியில்தான். உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து ஏடுகளைச் சேர்த்து ஒப்பிட்டதற்குக் காரணம், எந்த ஒரு பிரதியையும் அப்படியே மூலம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான். விடுதி மாடியில் ஒவ்வொரு தடவை கதை சொன்னபோதும் நான் ஒரு புது ஏடு எழுதியிருக்கிறேன். ஏடு மாறியது, பழைய ஏடு எரிந்தது, எனக்குத் தெரியவே இல்லை.

எலியின் பயமும் மனிதர் நாவலை நினைப்பதும் ஒன்றல்ல. மனிதர்களிடம் செய்த சோதனைகளில் சில இதே முடிவைத் தந்தன, சில தரவில்லை. நினைத்த உடனே எல்லா நினைவும் இளகிவிடுவதும் இல்லை. எப்போது இளகும் என்ற கேள்விக்கு எனக்கு மிகப் பிடித்த விடை புவனோஸ் ஐரஸிலிருந்து, நண்டுகளிடமிருந்து வந்தது.

காஸ்மக்னாதஸ் என்ற நண்டின் தலைக்குமேல் ஒரு கருந்திரை நகர்ந்தால் பறவை வந்துவிட்டதென்று அது ஓடும். ஓர் இடத்தில் வைத்துத் திரும்பத் திரும்பக் காட்டினால், அந்த இடத்துக்கும் திரைக்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டு, ஓடுவதை விட்டு உறைந்துகொள்ளக் கற்றுக்கொள்ளும். மறுநாள் அதே இடத்தில் கொண்டுபோய் வைத்தால் அது திரையை எதிர்பார்க்கும். மரியா எவ்ஹெனியா பெட்ரெய்ராவும் குழுவினரும் 2004-இல் காட்டியது இது: எதிர்பார்த்தபடி திரை வந்துவிட்டால் நினைவு இளகுவதில்லை. புரதத் தயாரிப்பைத் தடுத்தாலும் அது அப்படியே இருக்கிறது. திரை வராமல் எதிர்பார்ப்பு பொய்த்தால் மட்டுமே நினைவு இளகி, மாற்றத்துக்குத் தயாராகிறது. உலகமும் நினைவும் ஒத்துப்போனால் நினைவைத் திருத்த வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது? ஒத்துப்போகாத அந்த நொடியில்தான் திருத்தம் தேவை. நண்டின் சின்ன மூளைக்குள் இவ்வளவு சிக்கனம்!

மறுவாசிப்பு ஏன் இவ்வளவு விசேஷம் என்று இதற்கப்புறம் எனக்குப் புரிந்தது. முதல் நாள் பள்ளிக்குப் போனதை, பாட்டி வீட்டு முற்றத்தை நாம் ஆயிரம் தடவை நினைத்துக்கொள்ளலாம். சரிபார்க்க மூலம் கிடையாது. முற்றம் இடிந்துவிட்டது, பாட்டி இல்லை. நாம் அனுபவித்தவற்றில் எழுத்து மாறாமல் அப்படியே பாதுகாக்கப்பட்டிருப்பவை மிகச் சில. நாவல் அதில் ஒன்று. "அப்பா, தப்பு" என்று மகள் சொன்ன நொடி, நண்டுக்குத் திரை வராத நொடி. வேறு எந்தப் பழைய நினைவுக்கும் அந்த வாய்ப்பு லேசில் கிடைப்பதில்லை.

நண்டை வைத்து ஆராய்ச்சி செய்து என்ன பயன் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு தகவல். ஞாபகப்படுத்திய நினைவு இளகும் என்பதை மிசானின், மில்லர், லூயிஸ் என்ற மூவர் 1968-லேயே, லெ க்வினின் நாவல் வந்த அதே ஆண்டில், எலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துக் காட்டியிருந்தார்கள். அன்றைய கோட்பாட்டுக்குள் அடங்காததால் 30 ஆண்டுகள் அது பெரும்பாலும் கேட்பாரற்றுக் கிடந்தது. இன்று விபத்திலும் போரிலும் மனம் உடைந்தவர்களின் நினைவுகளை ஆற்ற இந்த வழி உதவுமா என்று முயன்று பார்க்கிறார்கள். உடனடிப் பயன் கேட்காமல் அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்க வேண்டும். நம் நாட்டில் அது மிகவும் போதாது. அதே நேரம் 'மிட்பிரெயின் ஆக்டிவேஷன்', அதாவது நடுமூளையைத் தூண்டிவிடுகிறோம் என்று சொல்லி, குழந்தையின் கண்ணைக் கட்டிப் படிக்கவைக்கும் வகுப்புகளுக்குப் பெற்றோர் ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். கட்டுத்துணிக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள சந்து வழியாகக் குழந்தை பார்க்கிறது. அந்தப் பிள்ளைக்கு அது பொய் சொல்லப் பழகுவதைத் தவிர வேறொன்றும் இல்லை. எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

கேள்வி கேட்ட வாசகிக்கு ஒன்று சொல்வேன். அடுத்த பிரியமான புத்தகத்தை எடுப்பதற்கு முன்னால் உங்கள் நினைவில் இருப்பதை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். படிக்க ஆரம்பித்துவிட்டால் பழைய ஏடு போய்விடும். எனக்கு அப்படித்தான் ஆகிறது. அந்தச் செம்பட்டை முடிப் பையனை இப்போது கூப்பிட்டால் வருகிறான், ஆனால் செம்பழுப்பு நிறத்தில் வருகிறான். மூன்று மாதத்தில் இப்படி.

மகளின் நோட்டில் சரிக்குறிகளும் பெருக்கல் குறிகளும் கலந்து கிடக்கின்றன. முதல் வரியில், 'பச்சை காலிகோ அட்டை' என்பதற்குப் பக்கத்தில் மட்டும் எதுவும் போடாமல் வைத்திருந்தாள். பொங்கலுக்கு மதுரைக்குப் போனபோது நூலகத்தில் இருவருமாகப் போய்க் கேட்டோம். அந்தப் பிரதியைக் கழித்துக்கட்டிப் பல வருஷம் ஆகிவிட்டதாம். ரயிலில் திரும்பும்போது அவள் நோட்டைத் திறந்து, பென்சிலால் அங்கே ஒரு கேள்விக்குறி போட்டாள்.